முகட்டுக் கும்பம்

செலியமேட்டில் என் பெரியப்பா வீட்டு முகட்டில் மூன்று கும்பங்கள் இருந்தன. கிழக்கு ஓரத்தில் ஒன்று, மேற்கு ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. ஓரத்துக் கும்பங்கள் இரண்டும் இலைகள் விரிந்து நடுவே ஒரு மொட்டு நிமிர்ந்தாற்போல இருக்கும். நடுக் கும்பத்தில் இலையும் இல்லை, பூவும் இல்லை. ஒரு குடம், அதன்மேல் ஒரு சிறிய குடம், அதன்மேல் ஒரு கூர். அவ்வளவுதான். கோடை விடுமுறைக்குப் பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பக்கம் கரும்பும் ஒரு பக்கம் நெல்லுமாக நீண்டு கிடக்கும் வழியில் நடந்துவந்து, தெருமுனை திரும்பினால் முதலில் கண்ணில் படுவது அவைதான். திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரியும். நடுக் கும்பத்தின்மேல் எப்போதும் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும். அது ஒரே காக்கைதான் என்று நான் பத்து வயதுவரை நம்பினேன்.

2025-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அண்ணன் என்றால் பெரியப்பாவின் மூத்த பிள்ளை. "ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போடறோம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்றார். சாவுச் செய்தி சொல்கிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வதுபோலத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. வீடுகளைப் பற்றி ஆத்திரப்படும் பாத்தியதை அவற்றில் குடியிருப்பவர்களுக்குத்தான் உண்டு. நானோ சென்னையில் மூன்றாவது மாடியில் ஒரு கான்கிரீட் பெட்டிக்குள் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆனாலும் ஆத்திரம் வந்தது. மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது காப்பி சாப்பிட ஒரு விடுதியில் இறங்கினேன். விடுதியின் பெயர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் ஒன்பது பேர் கோபித்துக்கொள்வார்கள். கட்டடம் புதியது. கூரை மட்டும் பழைய வீட்டுக் கூரை மாதிரி சரிவாக இருந்தது. சரிவு முழுவதும் செக்கச்சிவந்த ஓடு. முகட்டில் கும்பங்கள். உட்கார்ந்தபடியே எண்ணினேன்: பதினொன்று. காப்பி கொண்டுவந்த பையன், "கீழே கான்கிரீட் சார், மேலே ஓடு ஒட்டியிருக்காங்க" என்று பெருமையோடு சொன்னான். அதாவது மழையைத் தடுப்பது சிமெண்டுத் தளம். ஓட்டுக்கு அங்கே வேலை கிடையாது. ஓட்டுக்கே வேலை இல்லாத கூரையில் முகட்டுக்கு என்ன வேலை? முகட்டுக்கே வேலை இல்லாதபோது பதினொரு கும்பங்களுக்கு என்ன வேலை? சம்பளமில்லாத சேவகர்கள்போல வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

சிரித்துக்கொண்டே எழுந்தேன். எழுந்தவனுக்கு என் சொந்த யோக்கியதை ஞாபகம் வந்தது. என் இரண்டாவது நாவலில் ஒரு மிராசுதார் வீட்டு முகட்டில் சுதை மயில் ஒன்றை ஏற்றிவைத்து, அரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். முந்நூறு பக்கக் கதையில் மழை பெய்தது, கல்யாணம் நடந்தது, கிழவர் செத்துப்போனார். மயில் நனையக்கூட இல்லை. அந்த அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் கதையில் ஒரு சொட்டு ஒழுகாது. அன்று காரில் போகும்போது இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. ஓர் அலங்காரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததும் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் அது மயில். இந்தச் சோதனை அன்று சாயங்காலம்வரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முகடு என்பது கூரையில் மிகவும் பலவீனமான இடம். இரண்டு சரிவுகள் முட்டிக்கொள்ளும் அந்தக் கோட்டில் ஓடுகள் முடிந்துபோகின்றன. நடுவில் வாய் பிளந்து கிடக்கிறது. அந்த வாயை மூடத்தான் முகட்டு ஓடு. வளைவாகவோ கோணலாகவோ செய்து, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறும்படி வரிசையாக வைத்துக்கொண்டு போவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வைக்கத் தொடங்குவது என்பது சின்ன விஷயம் அல்ல. பாகூர்ப் பக்கத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கு மேற்காக ஓடும் முகட்டுக்கு மேற்கிலிருந்து வைத்துக்கொண்டு வந்தால்தான் ஒவ்வோர் ஓட்டின் திறந்த விளிம்பும் காற்றுக்கு முதுகு காட்டும். திருப்பி வைத்தால் காற்று மழையை விளிம்புக்குள் ஊதிவிடும். கடைசியில் கிழக்கு ஓரத்தில் வைக்கும் ஓட்டின் வாயை மூட இன்னொரு ஓடு கிடையாது. அதை வேறு ஏதாவது கொண்டு அடைத்தாக வேண்டும். காற்று கூரையைத் தூக்குவதும் அதிகமாக முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான். ஆகவே அங்கே கொஞ்சம் கனமும் வேண்டும். ஓரத்துக் கும்பம் அந்த இடத்தில்தான் உட்காருகிறது. இரண்டு ஓரங்களிலிருந்தும் வைத்துக்கொண்டு வந்து நடுவில் முடிக்கும் கொத்தனார்களும் உண்டு. அப்போது நடுவில் ஒரு சந்து விழும். அதை மூட நடுக் கும்பம்.

இதைவிடப் பழைய காரணமும் இருக்கிறது. வட்டக் குடிசையின் நடுக்கம்பு கூரையைக் குத்திக்கொண்டு மேலே வரும். கீற்றோ புல்லோ எதைப் போட்டாலும் கம்பைச் சுற்றித் தண்ணீர் இறங்கும். அதன்மேல் ஒரு பானையைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. இன்றும் வயற்காட்டுக் குடிசைகளில் இதைப் பார்க்கலாம். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி திரௌபதி ரதத்தைச் செதுக்கியபோது ஒரு குடிசையைத்தான் செதுக்கினான். பீம ரதத்தில் நீண்ட கூண்டுக் கூரையைச் செதுக்கினான். கல்லில் மழை ஒழுகாது. இருந்தும் குடிசைக்கு உரிய முகட்டை அவன் விடவில்லை. கணேச ரதத்தின் முகட்டில் கலசங்கள் வரிசையாக நிற்கின்றன. பிறகு கோபுரங்கள் உயர்ந்தன, கலசங்கள் செம்பாயின. எங்கள் ஊரிலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் போனால், சிற்சபையின் பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்றும், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்றும் சொல்லுவார்கள். ஆணிகள் 72,000, அவை நாடிகளின் கணக்கு. முகட்டில் ஒன்பது கலசங்கள். தத்துவம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் பொன்னே ஆனாலும் ஓடு ஓடாக அடுக்கி, ஆணி அடித்து, முகட்டில் கலசம் வைத்து முடித்திருக்கிறார்களே, அது ஒரு நல்ல வீட்டுக்காரரின் புத்தி என்று மட்டும் தெரிகிறது.

வேறு தேசங்களிலும் முகட்டு ஓரத்தை வெறுமையாக விட மனிதனுக்கு மனம் வந்ததில்லை. ஜப்பானில் அந்த இடத்தில் கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு பூத முகத்தைச் சுட்டு வைத்தார்கள், தீயதை விரட்டுவதற்காக. சீனத்தில் முகட்டின் இரு முனைகளையும் வாயால் கவ்விக்கொண்டு நிற்கும் மிருகங்கள். பிரான்சில் நார்மண்டிப் பகுதியில் பச்சையும் மஞ்சளும் மெருகிட்ட மண் கலசங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நட்டார்கள். விக்டோரியா காலத்து இங்கிலீஷ்காரர்கள் முகடு நெடுகச் சேவல் கொண்டைமாதிரி ஓடு வைத்தார்கள்; அது எனக்கு ரசிக்கவில்லை, எந்த நிமிஷமும் கூவிவிடும் போலிருக்கும். நம் ஊரில் தளம் போட்ட புது வீட்டுக்காரர்கள் கைப்பிடிச் சுவரில் கட்டித் தொங்கவிடுகிறார்களே, நாக்கை நீட்டிய திருஷ்டிப் பொம்மை, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜப்பானியப் பூதம் ஞாபகம் வருகிறது. முகடு போனாலும் முகட்டில் ஒரு காவல் வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. பொம்மை நிற்க இடமில்லாமல் கயிற்றில் தொங்குகிறது.

புதுச்சேரிக்குள் நுழைந்ததும் இன்னொரு விபரீதம் காத்திருந்தது. பழைய சாமான்கள் விற்கும் கடை ஒன்றின் வாசலில் எங்கள் வீட்டு ஓரத்துக் கும்பங்களைப் போலவே நான்கு இருந்தன. கழுத்தில் சீட்டுக் கட்டியிருந்தது: பிரெஞ்சுக் காலத்து அலங்காரம். விலையைச் சொன்னால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். கடைக்காரரிடம் விவாதித்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கடற்கரைப் பக்கம் கட்டிக்கொண்ட வீடுகளைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தேக்கு உத்திரங்களின்மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தட்டை மாடிதான். அந்த வீடுகளுக்கு முகடே கிடையாது. அலங்காரம் வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரில் உருண்டைத் தூண்களும் ஜாடிகளும் வைத்தார்கள். சரிந்த ஓடும், மரத்தூண் நிறுத்திய தாழ்வாரமும், திண்ணையும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களில் இருந்தவை. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தவை. "அப்படீன்னா தமிழ்க் காலம்னு எழுதினா யார் சார் வாங்குவாங்க?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்வி. நான் காருக்குத் திரும்பினேன்.

ஓடு நமக்குப் புதியது அல்ல. கீழடி அகழாய்வில் கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. தண்ணீர் வழிவதற்கு விரலால் இழுத்த பள்ளமும், கட்டுவதற்குத் துளையும் அவற்றில் இருக்கின்றன. விரல் பதிந்த அந்த ஓட்டைப் பார்க்கிற எவனுக்கும் இரண்டாயிரம் வருஷம் என்பது நீண்ட காலமாகத் தோன்றாது. நாட்டு ஓடும் அதே விரல்களின் வேலைதான். குயவர் திரிகையில் ஒரு குழாயை வனைந்து, ஈரமாக இருக்கும்போதே நீளவாட்டில் இரண்டாக அறுத்து, உலர்த்திச் சுடுவார். அதை இரண்டு மூன்று அடுக்காகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் போட்டால் வீட்டுக்குள் சித்திரை மாதமும் கார்த்திகைபோல இருக்கும். வில்லியனூர் மண்வேலைக்கு இன்று புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த மண்ணில் வேலை செய்யும் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. விருது பொம்மைக்கும் குதிரைக்கும் விளக்குக்கும்தான் பொருந்தும். ஓட்டுக்கு யார் விருது கொடுப்பார்கள்?

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சரிவுகள் இரண்டும் அப்படியே இருந்தன. கும்பங்கள் மூன்றும் இருந்தன. காக்கையும் இருந்தது. அண்ணன் கொத்தனாரோடு தெருவில் நின்று அளவு பேசிக்கொண்டிருந்தார். அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கடற்கரைச் சாலையிலிருந்து தயார் செய்துகொண்டு வந்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன். மாமல்லபுரம், சிதம்பரம், ஜப்பான் எல்லாம் வந்தன. அண்ணி குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, நீங்க சொல்றதெல்லாம் அழகாத்தான் இருக்குது. தானேயில வடபக்கத்து ஓடு பூரா பறந்துச்சே, அப்ப நீங்க போன்ல விசாரிச்சீங்க. போன கார்த்திகையில பெஞ்சல் வந்துச்சே, ராத்திரி பூரா பதினாலு இடத்துல ஏனம் வச்சோம், குண்டான் பத்தாம சாமி வீட்டுக் கும்பாவையும் எடுத்து வச்சோம். அப்பவும் போன்ல விசாரிச்சீங்க. வருஷா வருஷம் புரட்டாசியில ஓடு மாத்தணும். மாத்தற ஆளு ரெண்டு பேருதான் இந்தப் பக்கத்துல. ஒருத்தருக்குக் கண்ணு தெரியல. குரங்கு ஏறுது. பேரப்புள்ள படுத்திருந்த பாயில தேளு விழுந்துச்சு. பொண்ணு கேட்டு வந்தவங்க மெத்தை வீடா, ஓட்டு வீடான்னு மொதல்ல கேட்டாங்க. நீங்க வந்து ஒரு ஐப்பசி, கார்த்திகை இங்க இருங்க தம்பி. இருந்துட்டு அப்புறம் சொல்லுங்க, பிரிக்க வேணாம்னு விட்டுடறோம்."

இதற்குப் பதில் இருந்தால் நேயர்கள் எனக்கு எழுதலாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது நான் சென்னையில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புதுச்சேரியருகே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். அந்த மழையோடு தென்பெண்ணையும் பெருகிப் பாகூர் வட்டாரம் வெள்ளக்காடாயிற்று. கிராமத்து அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் பதினான்கு ஏனங்களில் தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கியவர்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால் நல்லது. என் பெயரை முதலில் எழுதி, எதிரே ஒரு சுழி போடலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கும்பங்களை இறக்கினார்கள். இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கொத்தனார் வயதானவர், இவருடைய தகப்பனார்தான் பெரியப்பா காலத்தில் முகடு போட்டவராம். மேலே ஏறி உளியால் சுண்ணாம்பைப் பெயர்த்து, குழந்தையைத் தூக்கித் தருவதுபோல ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தார். நான் என் சோதனையை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "இதை எடுத்தா ஒழுகும்தானே? அதனாலதானே வச்சாங்க?"

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "ஒழுவும்தான். ஆனா ஒரு கை சாந்து அப்பி மூடினாலும் தண்ணி நிக்கும் சார்."

"அப்புறம் ஏன் கும்பம்?"

"வீட்டுக்கு உச்சி வேணாமா?" என்றார்.

காலையிலிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிந்த சோதனை அந்த இடத்தில் உடைந்துபோயிற்று. தேவை என்பது அந்த இடத்தில் ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்பதைத்தான் சொல்லுகிறது. அது ஏன் கும்பமாக இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. சாந்து உருண்டைக்கும் கும்பத்துக்கும் இடையில் ஒரு மீதி இருக்கிறது. அந்த மீதியை வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். கொத்தனார் அரை நாள் அதிகம் உழைத்து வைத்திருக்கிறார். விடுதிக்காரர் செய்த பிழை அந்த மீதியை மட்டும் தனியாக வாங்கியது.

ஓரத்துக் கும்பங்கள் இரண்டையும் திண்ணையில் வைத்துக் கழுவினோம். அறுபது எழுபது வருஷத்துப் பாசி. இவை எங்கள் பக்கத்துக் குயவர் ஒருவர் கைப்பட இலை இலையாக வைத்துச் செய்தவை என்று சிறு வயதிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையில் அப்படி எழுதியும் இருக்கிறேன். பாசி போனதும், அடிப்பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. ஃபெரோக் என்று படிக்க முடிந்தது. இரண்டிலும் ஒரே எழுத்து. இரண்டிலும் மூன்றாவது இலையின் நுனியில் ஒரே மாதிரி ஒரு சின்னக் கோணல். அச்சில் இருந்த கோணல்! ஒரே அச்சில் ஆயிரம் கும்பங்கள் அதே கோணலோடு பிறந்து எங்கெங்கோ ரயிலேறிப் போயிருக்கும்.

இந்த ஓட்டின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும் தட்டை ஓட்டை, பிரான்சின் அல்சேஸ் பகுதியில் ஆல்ட்கிர்க் என்ற ஊரில் கிலார்டோனி சகோதரர்கள் கண்டுபிடித்து 1841-இல் உரிமை பெற்றார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்தின் எல்லைக்குள் இருக்கிறது பாசெல் நகரம். அங்கிருந்து மங்களூருக்கு வந்த பாசெல் மிஷன் பாதிரிமார்கள் மதம் மாறியவர்களுக்கு ஒரு தொழில் வேண்டுமென்று தேடினார்கள். நேத்ராவதிக் கரைக் களிமண்ணைப் பார்த்தார் கேயோர்க் பிளெப்ஸ்ட் என்பவர். 1860-களில் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை எழுந்தது. அதுதான் நாம் மங்களூர் ஓடு என்றும் சீமை ஓடு என்றும் சொல்வது. ஒன்று இரண்டு மூன்று கிலோ எடை. சதுர மீட்டருக்குப் பதினைந்து இருந்தால் போதும். ஓரடுக்கே தண்ணீரைத் தாங்கும். 1905-இல் கோழிக்கோட்டுக்கு அருகே ஃபெரோக்கிலும் ஒரு தொழிற்சாலை வைத்தார்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு மிஷனின் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. ஓட்டோடு முகட்டு ஓடும், கும்பமும், வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடும் விலைக்குக் கிடைத்தன. எங்கள் பக்கத்துக் குயவரின் நாட்டு ஓட்டு வேலையைச் சாப்பிட்டதும் இந்த ஓடுதான்.

அப்படியானால் நான் கடைக்காரரிடம் தோற்றுத்தான் போனேன். சீட்டில் எழுதியிருந்த 'பிரெஞ்சு' முழுப் பொய் அல்ல. ஆனால் அவர் நினைத்த பிரான்சு அது அல்ல. கவர்னர் மாளிகைக்கும் அந்தக் கும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை. அல்சேஸில் பிறந்து, பாசெல் மிஷன் கையில் வளர்ந்து, மலையாளத்துக் களிமண்ணில் உடம்பெடுத்து, செலியமேட்டு விவசாயி ஒருவர் கரும்பு விற்ற பணத்தில் முகட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் பழைய கதையில் எழுதியதைவிட இது நல்ல கதை. நான் ஏன் இதை விட்டுவிட்டு அதை எழுதினேன்? அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை, அதுதான் காரணம்.

நடுக் கும்பத்தைக் கடைசியாகக் கழுவினோம். அதன் அடியில் எழுத்து எதுவும் இல்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். வளையம் வளையமாக விரல் தடம். திரிகை சுற்றச் சுற்ற மண்ணை மேலே இழுத்துக்கொண்டு போன விரல்கள் கழுத்தருகில் ஓரிடத்தில் தயங்கியிருக்கின்றன. அங்கே தடம் கொஞ்சம் ஆழம். அண்ணன் அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார். நடுவில் இருந்ததும் முதலில் ஃபெரோக் கும்பம்தானாம். அண்ணன் பையனாக இருந்தபோது தென்னமட்டை விழுந்து உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று வரவழைக்க வழியில்லாமல், பெரியப்பா உடைந்த துண்டுகளை ஒரு கோணியில் கட்டிக்கொண்டுபோய் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு குயவரிடம் காட்டி, இதேமாதிரி ஒன்று செய்துகொடு என்று கேட்டிருக்கிறார். அந்தக் குயவர் துண்டுகளை ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த இலை எல்லாம் எனக்கு வராது. எனக்கு வர்றதைச் செஞ்சு தர்றேன்" என்று சொல்லி இதைச் செய்துகொடுத்தாராம். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பல வருஷம், "மூணுல ஒண்ணு மொட்டையா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மூன்றையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டியதுதான். ஃபெரோக் கும்பங்கள் திறமையானவை. இலைகள் சரியான இடத்தில் மடிகின்றன, மொட்டு நேராக நிற்கிறது, மழைநீர் தங்க எங்கும் பள்ளமில்லை. அவற்றை மட்டம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவை அச்சில் வந்தவை என்பதற்காக மட்டம் என்று சொல்பவர்கள், தாம் படிக்கும் புஸ்தகமும் அச்சில் வந்ததுதான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த இலைகள் திண்ணையில் வைத்துப் பார்க்கும்போதுதான் இலைகள். முகட்டில் இருந்தபோது, தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு கறுத்த முள்கொத்துதான் தெரியும். குயவரின் குடமோ தெருமுனையிலிருந்தே குடம். கூரையின் இரண்டு சரிவும் ஏறிவந்து முட்டுகிற இடத்தில், அந்த ஏற்றத்தை வாங்கிக்கொண்டு ஒரு வயிறு உருண்டு, குறுகி, மறுபடி உருண்டு, முடிந்துபோகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து எந்த உயரத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே உருவம் அந்த இடத்துக்குப் பொருந்திவிட்டது. எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காக்கை மட்டும் இத்தனை வருஷமும் அதன்மேல்தான் உட்கார்ந்தது. முள்கொத்தில் உட்கார அதற்கு வசதிப்படவில்லை என்று ஒருவர் காரணம் சொல்லலாம், அதுவும் ஒரு விமர்சனம்தான்.

சாயங்காலம் ஓடு பிரிக்கத் தொடங்கினார்கள். நான் இருந்து பார்க்கவில்லை.

ஓரத்துக் கும்பங்கள் இரண்டையும் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனானாம். கழுத்தில் இந்நேரம் சீட்டு ஏறியிருக்கும். நடுக் கும்பத்தை அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்; எழுத்து இல்லை, ஜோடியும் இல்லை என்றானாம். எனக்கு வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தேன். சென்னை வீட்டில் அதை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து, புத்தக அலமாரிக்கு மேலே என்று முடிவும் செய்திருந்தேன்.

ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். வீடு வெளிச்சமாக இருந்தது. பேரப்பிள்ளை தரையில் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பிற்பாடு ஒரு மாடி எடுப்பதற்காகத் தூண்களின் கம்பிகளை மூலைக்கு மூலை நீட்டி விட்டிருந்தார்கள். மழையில் துருப்பிடிக்காமல் இருக்க மூன்று மூலைக் கம்பிகளின்மேல் பிளாஸ்டிக் குடங்களைக் கவிழ்த்திருந்தார்கள். நான்காவது மூலையில், தெருப்பக்கம், கம்பிக் கொத்தின்மேல் குயவரின் கும்பம் உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்குத் தரலாம்னுதான் எடுத்து வச்சேன் தம்பி" என்றாள் பின்னால் ஏறிவந்த அண்ணி. "குடம் ஒண்ணு பத்தல. அளவு சரியா இருந்துச்சு."